ஓடுது

அந்த அக்கா எதையும் தொட்டுப் பார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டார். டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கும் முன்பு விரல் நுனியால் ஒரு முறை தொடுவார். பஸ்ஸில் உட்காரும் முன்பு சீட்டைத் தொடுவார். மழைக்காலத்தில் கல்லூரி மாடிப்படிச் சுவரில் ஈரம் ஏறியிருந்தால் உள்ளங்கையை அதில் வைத்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் மேலே வருவார். பின்னால் வருகிற நாங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

கல்லூரி என்றால் பெரிய கட்டடம் இல்லை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், மோட்டார் பம்பும் பிளாஸ்டிக் பைப்பும் விற்கிற கடைக்கு மேல் மாடி. அங்கேதான் டயாலிசிஸ் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தோம். நர்சிங் கிடைக்காத பெண்கள், வேறு எதுவும் கிடைக்காத பையன்கள். எல்லோரும் பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். நான் அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். அக்கா மட்டும் முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆனவர். மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பெண், சமணக் குடும்பம். முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லச் சொன்னார்கள். நாங்கள் எல்லோரும் சேவை செய்ய என்று சொன்னோம். அவர் எழுந்து, "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு தடவ மிஷின்ல படுக்குறாரு. அது அவர இன்னா பண்ணுதுன்னு தெரிஞ்சிக்கணும்" என்றார். உட்காரும் முன்பு பெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர் திண்டிவனத்திலிருந்து வருகிற இளைஞர். எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார். ஊசி போடப் போகிறவர்களுக்கு எதற்கு இயற்பியல் என்று பையன்கள் முணுமுணுத்தார்கள். "நீங்க நாளைக்கு நிக்கப் போற மிஷின்ல அழுத்தம், ஓட்டம், வெப்பம் மூணும்தான் இருக்குது. வேற ஒண்ணும் இல்ல. அது புரியலைன்னா நீங்க சுவிட்ச் போடுற ஆளு, அவ்ளோதான்" என்றார் சார்.

வெப்பம் நடத்திய அன்று அக்கா கையைத் தூக்கினார். மேசை மேல் இருந்த இரும்பு ஸ்டாண்டு சில்லென்று இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிற மர ஸ்கேல் அப்படி இல்லையே, ஏன் என்று கேட்டார். இரண்டும் ஒரே சூடுதான் என்று சார் சொன்னார். தெர்மாமீட்டரை வைத்தும் காட்டினார். இரும்பு கையிலிருக்கிற சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், மரம் மெதுவாக இழுக்கும், கைக்குத் தெரிவது அந்த வேகம்தான் என்று விளக்கினார். அக்கா மறுபடி இரண்டையும் தொட்டார். தலையை ஆட்டினார். ஆட்டிய விதத்தில் சம்மதம் இல்லை.

மறுநாள் சார் மூன்று பேசின்களோடு வந்தார். டீக்கடையிலிருந்து வெந்நீர், ஜூஸ் கடையிலிருந்து ஐஸ். ஒன்றில் சுடு தண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர், நடுவில் சாதாரணத் தண்ணீர். அக்காவைக் கூப்பிட்டு ஒரு கையைச் சுடு தண்ணீரிலும் ஒரு கையை ஐஸிலும் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு கையையும் எடுத்து நடு பேசினில் போடச் சொன்னார்.

"எப்படிம்மா இருக்குது?"

"இந்தக் கைக்கு சில்லுனு இருக்குது சார். இந்தக் கைக்கு சுடுது."

"தண்ணி ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்."

"அதான் சொல்றேன். கை பொய் சொல்லும். கைய நம்பாதீங்க, மீட்டர நம்புங்க."

அக்கா கையைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை. "பொய் சொல்லல சார். முன்னாடி எங்க இருந்துச்சோ அதச் சொல்லுது" என்றார்.

சார் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். ஆனா பேஷண்டுக்கு அது உதவாது" என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சார் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் இரண்டு பேரையும் பார்ப்போம். வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் செஞ்சியிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. அக்கா காலையில் அவரைக் கொண்டுபோய் மிஷினில் விட்டுவிட்டு வகுப்புக்கு வருவார். முடிந்ததும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போவார். பஸ்ஸுக்காகச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அக்காவின் வலது கை அவருடைய இடது முழங்கைக்குக் கீழே இருக்கும். எங்கள் ஊர்ப் பக்கம் புருஷன் பெண்டாட்டி பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கூட இருந்த ஒருத்தி கேட்டே விட்டாள்.

"லவ் மேரேஜாக்கா?"

"அதெல்லாம் இல்லம்மா. எங்க மாமா பையன்." அக்கா என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. இதுல கை வை."

நான் தயங்கினேன். அவர் வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்து நீட்டினார். நரம்பு கயிறு போல் புடைத்திருந்தது. அதன் மேல் விரலை வைத்தேன். தோலுக்கு அடியில் விர்ரென்று ஒரு அதிர்வு ஓடிக்கொண்டே இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டேன்.

"கரண்டெல்லாம் அடிக்காதும்மா" என்றார் அவர்.

ஃபிஸ்டுலா என்று ஒன்று உண்டு. டயாலிசிஸ் நோயாளியின் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பார்கள். ரத்தம் வேகமாகச் சிரைக்குள் பாயும். அதில் ஊசி போட்டுத்தான் மிஷினுக்கு ரத்தம் எடுக்க முடியும். வெளியே தொட்டால் அந்த அதிர்வு தெரியும். நின்றுவிட்டால் அடைத்துக்கொண்டது என்று பொருள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த அதிர்வை இன்று நான் எத்தனையோ கைகளில் தினமும் தொட்டுப் பார்க்கிறேன், அதுதான் என் வேலை. அன்றைக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

அக்கா அந்த அதிர்வை எல்லா நேரமும் தொட்டுப் பார்த்தார். பஸ்ஸில், சாப்பிடும்போது, அவர் தூங்கும்போது. பார்த்து முடித்ததும் "ஓடுது" என்பார். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை, பொதுவாகச் சொல்வார். அவரும் "ம்" என்பார்.

அந்த மனிதர் மல்லாட்டை வியாபாரி, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அறுவடை நேரத்தில் ஊர் ஊராகப் போய் மூட்டை பிடித்து விற்பவர். உடம்பு விழுந்த பிறகு வியாபாரம் நின்றுபோனது. எப்போதும் தாகமாக இருப்பார். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும், குடித்தது வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். அக்கா அவர் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று சொல்வார். ஒரு கோடையில் அப்படி அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணுமில்ல, கம்மிதான்" என்று சொல்லி அழைத்துப் போனாராம். ஆஸ்பத்திரியில் எடை மிஷின் வேறு சொன்னது. நிறைய ஏறியிருந்தது. முந்தின நாள் அக்காவுக்குத் தெரியாமல் வீட்டுக்காரர் நுங்கு வாங்கித் தின்றிருக்கிறார். ஒன்று இரண்டு இல்லை, மரத்தடியில் உட்கார்ந்து வயிறு நிறைய. அதைச் சொல்லும்போது அக்காவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "சாரு சொன்னதுதான். கைக்கு எல்லாம் தெரியாது" என்றார். ஆனாலும் அழுத்திப் பார்ப்பதை விடவில்லை.

அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள். டயாலிசிஸ் தாமதமாகி இருட்டிவிட்டால் அன்று இரவு இரண்டு பேருக்கும் பட்டினிதான். அக்கா காலையில் கட்டிக்கொண்டு வந்த டப்பா மூடியபடி பையில் இருக்கும். அவருக்காவது கொடுக்கலாமே என்று ஒரு முறை கேட்டேன். "அவருதான் வேணான்றாரு. உடம்புதான் போச்சு, அதயாவது வச்சிக்கிறேன்றாரு" என்றார்.

ஓட்டம் பாடம் வந்தபோது சார் கீழே கடையிலிருந்து ஒரு டியூபை வாங்கி வந்து தண்ணீர் விட்டுக் காட்டினார். அகலமான குழாயில் மெதுவாகப் போகும்போது சத்தம் இல்லை. ஓரிடத்தில் நசுக்கிப் பிடித்தால் தண்ணீர் சுழன்று அதிரும், கைக்கும் தெரியும் என்றார். சீரான ஓட்டம், சீரற்ற ஓட்டம் என்று போர்டில் எழுதினார்.

அக்கா எழுந்தார். "சார், இது எங்க வீட்டுக்காரர் கையில இருக்குது. கீழ டீக்கடையிலதான் உக்காந்திருக்காரு. கூப்பிடட்டுமா?"

அன்று அவருக்கு மிஷின் இல்லாத நாள். செஞ்சியில் வேறு ஏதோ வேலையாக வந்திருந்தார். படி ஏறி மூச்சு வாங்கியபடி வந்தார். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டுக்கொண்டார். சார் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் போய் அவர் கையில் விரலை வைத்தோம். முணுமுணுத்த பையன்களும் வைத்தார்கள். கடைசியில் சார் வந்து வைத்தார். நீண்ட நேரம் வைத்திருந்தார்.

"நானும் பாடத்துலதான் படிச்சிருக்கேன். இப்பத்தான் தொட்டுப் பாக்குறேன்" என்றார்.

"வலிக்குதாண்ணா?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. ராத்திரி காதுக்கு அடியில கைய வச்சிப் படுத்தா சத்தம் கேக்கும். மோட்டார் ஓடுற மாதிரி. முதல்ல தூக்கமே வராது. இப்ப அது இல்லன்னாதான் தூக்கம் வராது." எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரம். எங்களுக்குத் திங்கட்கிழமை வகுப்பில்தான் தெரிந்தது. சாருடன் நாங்கள் சிலர் ஊருக்குப் போனோம். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் ஷாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அழவில்லை. யாரோ கேட்டுப் பதில் சொல்வதுபோல் சொன்னார்.

"படுக்கும்போது பாத்தேன். நல்லா ஓடுச்சு. காலையில எழுந்த உடனே கை வச்சேன். நின்னிருந்துச்சு. அடைச்சிக்கிச்சுன்னுதான் நெனச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போடணும், மொத பஸ்ஸப் புடிக்கணும்னு எழுந்து போனத் தேடினேன். சார்ஜ்ல இருந்துச்சு. எடுத்து நம்பரப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் சிஸ்டர் எடுத்துட்டாங்க. ஃபிஸ்டுலா அடைச்சிக்கிச்சு, இப்பவே கெளம்புறோம்னு சொன்னேன். சரி வாங்கன்னாங்க. அப்புறம்தான் அவர எழுப்பப் போனேன்."

ஃபேன் காற்றில் சுவர்க் காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்து சில நாட்களில் அக்கா வகுப்புக்கு வந்துவிட்டார். மாமியார்தான் போகச் சொன்னாராம். அதே பெஞ்ச், அதே இடம். பொட்டாசியம் பாடம் வந்தது. டயாலிசிஸ் இல்லாத இடைவெளி நாட்களில் ரத்தத்தில் அது ஏறும், ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும் என்று நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித்தான் இடைவெளி நீளம், அப்படி நிற்பதும் அப்போதுதான் அதிகம் என்றார்கள். அக்கா குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் நோட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். சொன்னது அப்படியே இருந்தது, ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

இயற்பியல் தேர்வில் ஓட்டம் பாடத்திலிருந்து கேள்வியே வரவில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் அக்கா சாரிடம் போனார்.

"ஏன் சார் அந்தப் பாடத்துல ஒண்ணுமே கேக்கல?"

சார் வேறு பக்கம் பார்த்தார். "பாடம் நெறைய இருக்குதும்மா. எல்லாத்துலயும் கேக்க முடியாது."

"நான் படிச்சிக்கினு வந்தேன்" என்றார் அக்கா. குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

பயிற்சிக்கு என்னையும் அக்காவையும் அவர் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் நடந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போட்டார்கள். வேறு இடம் கேட்கலாம் என்று சொன்னேன். "எதுக்கு? பஸ்ஸு தெரியும்" என்றார். காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுப்பார். நின்றிருக்கிற ஏதாவது பைக்கின் கண்ணாடியில் பார்த்து நெற்றியில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் ஊர் பஸ் ஏறும் முன்பு எடுத்து அட்டையில் ஒட்டி வைத்துக்கொள்வார். நோயாளிகளுக்கு அவரைத் தெரியும், வெறும் நெற்றியோடு போனால் கேட்பார்கள் என்றார்.

டயாலிசிஸ் யூனிட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது வராமல் போனால் மற்றவர்களிடம் இறந்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாளே இன்சார்ஜ் சிஸ்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னார். "மிஷின்ல படுத்திருக்கிறவங்க மனசுல அது ஏறக்கூடாது. புரியுதா?" சொல்லும்போது அக்காவைப் பார்க்கவில்லை.

ஜன்னலோரப் படுக்கையில் சீயமங்கலத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். அக்காவின் வீட்டுக்காரருக்கு அடுத்த படுக்கை. மல்லாட்டை விலை பேசியே இரண்டு பேரும் நேரத்தை ஓட்டுவார்களாம். அக்கா யூனிஃபார்மில் வந்து நின்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இன்னாம்மா, வேலக்கே வந்துட்டியா? நம்ம மல்லாட்டக்காரர எங்க காணோம்? ஷிஃப்ட் மாத்திட்டாங்களா?"

நான் பக்கத்து மிஷினில் டியூப் மாட்டிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா பெரியவரின் கையைத் துடைத்து, ஃபிஸ்டுலா மேல் இரண்டு விரலை வைத்து எடுத்தார். முன்பெல்லாம் வைத்திருப்பது போல் வைத்திருக்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு எடுத்தார்.

"பாண்டிச்சேரிக்கு மாத்திக்கினோங்க. அங்க அவரு தங்கச்சி ஊடு இருக்குது."

"அப்பிடியா. சொல்லாமப் போயிட்டாரே. நல்லாருக்காரா?"

"இருக்காரு."

அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பெரியவர் ஒவ்வொரு முறை வரும்போதும் கேட்டார். அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னார். அங்கே யூனிட் பெரிசு, ஏசி நன்றாக வேலை செய்கிறது என்றார். எடை குறைந்திருக்கிறது என்றார். சாயங்காலம் தங்கச்சி மகன் கடற்கரைக்கு அழைத்துப் போகிறான் என்றார். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "காத்து நல்லா வரும் அங்க" என்றார். அக்கா ஊசியை ஒட்டி முடித்து, அடுத்த படுக்கைக்குப் போனார். அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. பொய் சொல்கிறவர் முகமும் இல்லை, துக்கத்தை அடக்குகிறவர் முகமும் இல்லை. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "மாத்திக்கினாருன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதாதாக்கா? ஏன் இவ்ளோ சொல்றீங்க?"

"கேக்கறாரேம்மா" என்றார். டப்பாவை மூடினார். பிறகு, "வேற யாரும் அவரப் பத்திக் கேக்கறதில்ல. ஊட்ல பேச்ச எடுத்தாலே அத்த அழுவுறாங்க" என்றார்.

பயிற்சி முடிந்து இரண்டு பேருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் ஒன்றாக இருந்தோம். பிறகு அக்கா வேறு ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார். மாமியாரையும் அழைத்துப் போனதாகக் கேள்விப்பட்டேன். போன் நம்பர் மாறிவிட்டது. அவர் போவதற்குக் கொஞ்சம் முன்பு நடந்ததைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் சீயமங்கலத்துப் பெரியவர் வருவது நின்றது. மகன் வந்து ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு போனார். மறு முறை அந்த ஜன்னலோரப் படுக்கைக்குப் புதிதாக ஒருவரைப் போட்டோம். எதிர்ப் படுக்கையில் ஒரு டீச்சரம்மா. அவருக்குப் பெரியவரோடு பேச்சுப் பழக்கம் உண்டு. தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தாத்தா எங்க, வரலையா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"பாண்டிச்சேரிக்கு மாத்திக்கினாருங்க."

"பாவம், இந்த வயசுல. அங்க யார் இருக்காங்க அவருக்கு?"

அக்கா டீச்சரம்மாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து ஒட்டினார்.

"எங்க வீட்டுக்காரர் இருக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட். பக்கத்துப் பக்கத்து பெட்டு."

"அப்ப பரவால்ல. பேச்சுத் தொணக்கி ஆச்சு."

"ஆமாங்க" என்றார் அக்கா.